கறித்தூள் வந்த வழி

தமிழ்ச் சொற்கள் பிற மொழிகளில் புகுந்தமைக்குச் சான்று கேட்டால், நம் மாணவர்கள் தயக்கமின்றி எடுத்துக்காட்டும் சொற்களுள் 'கறி' ஒன்று. ஆங்கிலேயர் நாவிலும் மலாய்க்காரர் நாவிலும் வழங்குவது நம் சொல்லே என்று வகுப்பறையில் நாமும் பெருமையோடு கற்பிக்கிறோம். கற்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அச்சொல் குறித்த பொருள் எவ்வாறு மாறி வந்தது, அது தூளாகிப் பொட்டலத்தில் அடைபட்டது எப்போது, இன்று இந்நாட்டில் சீனர் அடுக்களையிலும் மலாய்க்காரர் அடுக்களையிலும் நம் அடுக்களையிலும் ஏறக்குறைய ஒரே பொட்டலம் இருப்பதற்குக் காரணம் யார் என்ற வினாக்களை யாரும் எழுப்புவதில்லை. மலாயாத் தமிழர் வரலாறு என்றால் கித்தாத் தோட்டம், இரயில் பாதை, கோவில், சங்கம் என்ற நான்கோடு நின்றுவிடுகிறது. அடுக்களைக்கு அதில் இடமில்லை. இக்கட்டுரை அந்த அடுக்களையைப் பற்றியது.

சங்க நூல்களில் கறி என்பது மிளகு. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த பண்டங்களை அடுக்கிச் சொல்லும்போது மிளகைக் கருங்கறி என்றே குறிக்கிறார். அதே அடுக்கில் காழகத்துப் பொருளும் வருகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் கொண்டார் உரையாசிரியர். மலைநாட்டு மிளகும் கடாரத்துப் பொருளும் ஒரே தெருவில் கிடந்தன என்பது, இன்று கெடா மாநிலத்துப் பள்ளியில் அமர்ந்திருக்கும் தமிழ் மாணவன் அறிந்திருக்க வேண்டிய செய்தி. முசிறித் துறைக்கு யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்று 149ஆம் பாடல் கூறுகிறது. அது கவிஞனின் புனைந்துரை அன்று. எகிப்து நாட்டுச் செங்கடல் துறையான பெரனிகேயில் தொல்லியலார் அகழ்ந்தபோது, கோவில் ஒன்றின் தரையில் புதைந்திருந்த இந்தியத் தாழிக்குள் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது.

மிளகைக் குறித்த சொல், மிளகிட்டுச் சமைத்த துணையுணவையும் பின்னர்க் காய் வகைகளையும் குறித்து விரிந்தது. இன்று தமிழ்நாட்டில் 'கறி' என்றால் பலருக்கு இறைச்சி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் 'மீன் கறி', 'கோழிக் கறி' என்னும்போது குழம்பையே கருதுகிறோம். நம் வழக்கு மலாய் வழக்கோடும் ஆங்கில வழக்கோடும் ஒட்டி நிற்கிறது. ஊரை விட்டுப் போன சொல் வேறு பொருளை உடுத்திக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. நம் சொல் என்று பெருமைப்படும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இனித் தூளுக்கு வருவோம். ஆங்கிலேயரின் கறி ஆசைக்கு எழுத்துச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது, 1747இல் ஹன்னா கிளாஸ் என்னும் பெண்மணி இலண்டனில் வெளியிட்ட சமையல் நூல். அதன் முதற் பதிப்பில் உள்ள கறிக்குறிப்பில் மிளகும் கொத்துமல்லி விதையுமே இடம் பெறுகின்றன. 1784இல் இலண்டன் பிக்கடில்லியில் வாசனைப் பொருள் விற்ற கடை ஒன்று, ஆயத்தக் கறித்தூள் கிடைக்கும் என்று செய்தித்தாளில் விளம்பரம் செய்தது. கம்பெனி உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய துரைமார்களுக்கு மதராஸ் சமையற்காரனின் கைமணம் வேண்டும். ஆனால் சமையற்காரன் கிடையாது. அந்தக் குறைக்குக் கிடைத்த மருந்துதான் கறித்தூள். பிற்காலத்தில் மதராசிலிருந்தே பி. வெங்கடாசலம் நிறுவனத்தின் தூள் புட்டிகள் கடல் கடந்து போயின. ஆதலால், ஒரே தூளை எல்லாக் குழம்புக்கும் இடுவது வெள்ளைக்காரன் செய்த கற்பனை என்று சில ஆய்வாளர் எழுதுவதில் பாதி உண்மை உண்டு. தமிழ் வீட்டில் ரசத்துக்கு ஒரு பொடி, சாம்பாருக்கு ஒரு பொடி, மீனுக்கு ஓர் அரைப்பு. எல்லாவற்றுக்கும் ஒன்றே என்று எந்தப் பாட்டியும் ஒப்பமாட்டாள். மறுபாதியை அந்த ஆய்வாளர்கள் பார்க்கவில்லை. மலாயாவில் தூளை வேண்டியவர் துரை மட்டுமல்லர். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தூளுக்கு முன்னால் அம்மி கடல் கடந்துவிட்டது. வியட்நாமின் தெற்கே மேக்கோங் ஆற்றுக் கழிமுகத்தில் ஓக் ஏயோ என்னும் பழைய துறைமுகம் இருக்கிறது. பூனான் அரசின் காலத்தில் இந்திய வணிகர் வந்து போன இடம். அங்குக் கிடைத்த அரைகற்களில் ஒட்டியிருந்த மாப்பொருள் துகள்களை ஆராய்ந்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் வியட்நாமிய ஆய்வாளர்களும் 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். கற்களுள் பெரியது 76 சென்டிமீட்டர் நீளமும் 31 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மணற்கல் பலகை; கால் வைத்தது. படத்தைப் பார்த்தால் நம் வீட்டு அம்மிதான். அதில் அரைபட்டவை மஞ்சள், இஞ்சி, கச்சோலம், அரத்தை, மலாய்க்காரர் தெமு குஞ்சி என்னும் கிழங்கு, கிராம்பு, சாதிக்காய், இலவங்கப்பட்டை ஆகிய எட்டு. காலம் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன். கல்லின் அமைப்பு இந்தியாவிலிருந்து வந்தது. அரைபட்ட பொருள்களுள் பல இப்பகுதியிலேயே விளைந்தவை. கிராம்பும் சாதிக்காயும் மலுக்குத் தீவுகளுக்கு உரியவை. இன்று ஈப்போவில் ஒரு தமிழ்ப்பெண் கிராம்பைப் பொடிக்கும்போது, அது அவளுடைய மல்லியைக் காட்டிலும் தன் பிறந்த வீட்டுக்கு அருகில் இருக்கிறது. மல்லியும் சீரகமும் வெந்தயமும் மேற்காசியப் பக்கத்தில் தோன்றி, மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்தவை. நம் மசாலையில் பிறப்பாலேயே நமக்கு உரியவை மிளகு, மஞ்சள், ஏலம், கறிவேப்பிலை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மசாலா என்ற சொல்லும் நம்முடையது அன்று.

ஓக் ஏயோ அம்மியில் மிளகாய் இல்லை, இருக்கவும் வழியில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492இல் புறப்பட்டுப் போன பிறகு, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே அது கீழை நாடுகளுக்கு வந்தது. வந்த புதியவனுக்குப் பெயர் வைத்த முறையை மொழியாசிரியர்கள் கவனிக்க வேண்டும். தமிழர் 'மிளகு போல் உறைக்கும் காய்' என்று மிளகாய் என்றனர். மலாய்க்காரரும் மிளகைக் குறித்த 'லாடா' என்ற சொல்லையே மிளகாய்க்கும் தந்தனர். இன்றும் மிளகைச் சுட்ட 'லாடா ஹித்தாம்', அதாவது கறுப்பு லாடா, என்று அடை சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரு மொழிகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டா இவ்வாறு செய்தன? நாக்கு உணர்ந்ததை வாய் சொல்லிற்று, அவ்வளவே.

மிளகாய் வந்த அதே நூற்றாண்டில் போர்த்துகீசியர் மலாக்காவையும் பிடித்தனர். ஆண்டு 1511. அந்நகரில் அதற்கு முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர் பெருந்தொகையாக இருந்தனர். துறைமுகத்து ஷாபந்தர் நால்வருள் ஒருவரின் பொறுப்பில் அவர்கள் அடங்கினர். மலாய்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கியவர்களின் வழியினரே மலாக்காச் செட்டிகள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோவில் இன்றும் அவர்களுடையது. வீட்டில் பேசும் மொழி மலாயாகிவிட்டது. தெய்வமும் மல்லி சீரகமும் போகவில்லை. அவர்கள் அடுக்களையில் பெலாச்சானும் லெங்குவாசும் தேங்காய்ப்பாலும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. மொழி போன பின்னும் மணம் தங்கியதைக் கண்டு மகிழ்வதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. தமிழாசிரியன் என்ற முறையில் வருந்தவே தோன்றுகிறது.

பினாங்கில் வேறொரு கதை. தென்பாண்டிக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தோளில் தண்டு சுமந்து, இருபுறமும் சோற்றுக் கலமும் கறிக் கலமும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றனர். சுமந்த தண்டின் மலாய்ப் பெயரே உணவுக்குப் பெயராயிற்று: நாசி கண்டார். இதை விரித்தால் தனிக் கட்டுரையாகிவிடும்.

இனித் தோட்டம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தா பயிரிடத் தொடங்கிய பின், 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். வந்தவர்களின் கூலியை அறுதியிடுவதற்காகத் தயாரித்த செலவுக் கணக்குகளில் அரிசி, உப்பு, எண்ணெய் இவற்றோடு 'கறிச்சாமான்' என்றும் ஓர் இனம் உண்டு. அதிகாரிகளுக்கு அது ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் மல்லி, மிளகாய், மஞ்சள், சீரகம், புளி எல்லாம் அடங்க வேண்டும். 1930ஆம் ஆண்டுச் சரிவில் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டபோது, அரிசியைக் குறைக்க முடியாத வீட்டில் எது குறைந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கறிச்சாமான் எல்லாம் கப்பலில் வந்தவை. மல்லியும் சீரகமும் இந்நாட்டுத் தாழ்நில மழைக்கும் புழுக்கத்திற்கும் விளையா. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜூலா' கப்பலில் மக்கள் வந்ததைப் பாடுகிறோம். மக்களின் மூட்டையில் முடிச்சாக வந்த மிளகாய் வற்றலை யாரும் பாடவில்லை.

தூளை வேண்டியவர் துரை மட்டுமல்லர் என்றேன். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு. பேர் கொடுக்கப் பிந்தினால் அன்றைய கூலிக்கு ஆபத்து. பெண்ணும் ஆணோடு சமமாகப் பால்மரம் சீவப் போக வேண்டும். போகுமுன் சோறும் கறியும் ஆக்கித் தூக்குச் சட்டியில் அடைத்தாக வேண்டும். இருட்டில் எழுந்து அம்மியில் மசாலை அரைக்க நேரம் ஏது? ஈர அரைப்பு நம் வெப்பத்தில் ஒரு நாள் தாண்டினால் புளித்துப் போகும். வெயிலில் காயவைத்து வறுத்து இடித்த தூள், ஈரக்கை படாமல் காத்தால் மூன்று நான்கு மாதம் தாங்கும். இலண்டனில் சமையற்காரன் இல்லாத குறைக்குத் தூள் பிறந்தது என்றால், லயத்தில் நேரம் இல்லாத குறைக்குத் தூள் நிலைத்தது. முன்னது ஏட்டில் இருக்கிறது. பின்னதைச் செய்த பெண்கள் ஏடெழுதவில்லை.

என் பாட்டியின் அளவு எனக்குக் கிடைத்திருக்கிறது. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் என் மாமா எழுதி வைத்தது. ஒரு கட்டி மல்லி, அரைக் கட்டி மிளகாய் வற்றல், சீரகமும் பெருஞ்சீரகமும் இரண்டிரண்டு தாயில், மிளகு ஒன்றரைத் தாயில், விரல் மஞ்சள் ஒரு தாயில், வெந்தயம் அரைத் தாயில், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. கட்டி என்பது ஏறத்தாழ 605 கிராம். அதில் பதினாறில் ஒரு பங்கு தாயில். 1972இல் சட்டம் வந்து கிலோவும் கிராமும் கடைக்குள் நுழைந்தபின், பாட்டி கிலோவுக்கு அரைக் கிலோ என்று வாய்ப்பாட்டை மாற்றிக்கொண்டார். சில்லறைச் சாமான்களைக் கையால் அள்ளினார். வறுப்பதிலும் வரிசை உண்டு. மல்லியின் ஈரம் போக நெடுநேரம். சீரகத்துக்குச் சிறிது நேரம். வெந்தயம் நிறம் மாறத் தொடங்கியதும் இறக்க வேண்டும், கருகினால் தூள் முழுவதும் கசக்கும். மஞ்சள் கல் போன்றது. அதை முதலில் உரலில் தட்டி உடைத்துக்கொண்டால்தான் மற்றவற்றோடு அரைபடும். இவற்றுள் எதுவும் நாட்காட்டித் தாளில் இல்லை. பார்த்தவர் நினைவில் இருந்து எழுதுகிறேன். என் தாயாருக்கென்று ஓர் அளவு இருந்தது. பாட்டியுடையதைவிட மணம் கூடியது, நிறம் குறைந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வரலாறு கற்பிக்கும் தொழிலில் இருந்துகொண்டு, எழுத்தறிவுக்கு அப்பாற்பட்டது வரலாறு ஆகாது என்று எண்ணியிருந்த காலம் அது.

1942இல் ஜப்பானியர் வந்தபோது இந்தியக் கப்பல்கள் நின்றன. மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று என்பதையும், பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதையும் நூல்கள் கூறுகின்றன. மூன்றரை ஆண்டுகள் மல்லியும் சீரகமும் கப்பலேறி வரவில்லை என்பதை உடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் விளையக்கூடியவை மஞ்சள், இஞ்சி, பச்சைமிளகாய், செரை என்னும் எலுமிச்சைப்புல், அரத்தை. ஓக் ஏயோ அம்மியின் பட்டியலுக்கு மிக அருகில் அல்லவா வந்துவிட்டது! மலாய் அயலாரின் சமையலைத் தமிழ்ப்பெண்கள் நெருங்கிக் கற்றது இக்காலத்தில்தான் என்று என் குடும்பத்து முதியோர் கூறுவர். செரை இட்ட ஆட்டுக்கறியை எங்கள் வீட்டில் 'ஜப்பான்காரன் கறி' என்பது வழக்கம். எந்த ஜப்பானியனும் அதை உண்டிருக்க மாட்டான்.

போருக்குப் பின் பட்டணத்து மாவு மில்கள் அம்மிக்கும் உரலுக்கும் ஓய்வு கொடுக்கத் தொடங்கின. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே மில் வாசலில் டின்களோடு வரிசை நிற்கும். அரிசிமாவுக்கு ஓர் இயந்திரம், மசாலைக்கு ஓர் இயந்திரம். தவறிப்போய் மசாலை இயந்திரத்தில் முறுக்கு மாவு அரைத்துவிட்ட ஆண்டை எங்கள் லயத்தில் நெடுநாள் பேசினார்கள். முன்னால் நிற்பவரின் தூளில் கொஞ்சம் இயந்திரத்தில் தங்கி நம்முடையதில் கலக்கும். ஆகையால் யாருக்குப் பின்னால் நிற்பது என்பதிலும் பெண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சிங்கப்பூரில் 1960இல் வீவக அமைந்து, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். கீழ்வீட்டார் தலைக்கு மேல் உரலில் இடிக்க முடியுமா? மின் அரைப்பான் வந்தது. பின்பு பொட்டலம் வந்தது. பாபாஸ், அடாபி என்ற பெயர்கள் எல்லா இனத்தார் வீட்டிலும் வழங்கலாயின.

அப்பொட்டலங்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. மீன் கறித்தூள் வேறு, இறைச்சிக் கறித்தூள் வேறு. மீனுக்கு உரியதில் பட்டை கிராம்பின் ஆட்சி இராது. மீன் மணத்தை அடக்கும் வெந்தயத்துக்கு இடமுண்டு. இறைச்சிக்கு உரியதில் பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ ஆகியவை ஓங்கும். அன்னாசிப்பூ சீனத்துப் பொருள். பொட்டலத்தில் மலாயும் சீனமும் ஆங்கிலமும் தமிழும் அச்சிட்டிருப்பர். எல்லாவற்றுக்கும் ஒரே தூள் என்ற இலண்டன் வழக்கை இந்நாட்டு வணிகர் அப்படியே ஏற்கவில்லை. பாட்டிமார்களின் பிடிவாதம் பாதியேனும் வென்றிருக்கிறது என்று கொள்ளலாம்.

பிறர் அடுக்களைக்கு நம் தூள் சென்ற வழியைச் சமையல் நூல்கள் ஓரளவு காட்டுகின்றன. 1920களில் சிங்கப்பூரில் துரைசானிகளுக்காக வெளிவந்த நூல் ஒன்றில் 420 குறிப்புகள் இருந்தன. 1952இல் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை எல்லிஸ் ஹேண்டி எழுதிய நூலும், 1974இல் லீ குவான் இயூவின் அன்னையார் எழுதிய நூலும் இந்நாட்டவரே இந்நாட்டுச் சமையலைப் பதிந்தவை. நோன்யாச் சமையலில் ரெம்பா என்னும் ஈர அரைப்புக்கே முதலிடம். கறித்தூள் அங்கே விருந்தாளி. மீன்தலைக் கறி 1949ஆம் ஆண்டை ஒட்டிச் சிங்கப்பூர் சோபியா சாலையில் கேரளத்தவரான எம்.ஜே. கோமஸ் என்பவரின் உணவுக்கடையில் பிறந்தது என்பர். தலையை விரும்பி உண்பவர் சீனர், மசாலை தென்னிந்தியருடையது. பின்பு சீனர் கடைகளும் அதனைத் தம் முறையில் சமைக்கத் தொடங்கின. 1974இல் மீன்தலைக் கறி இந்தியருடையதா சீனருடையதா என்று கேட்டிருந்தால் இரு கடைக்காரரும் சண்டைக்கு வந்திருப்பர். இன்று சுற்றுலாத் துறை அதைச் சிங்கப்பூருடையது என்று சொல்லிவிட்டது.

நம் எழுத்தாளர் சங்கங்கள் தோட்டப்புறப் பாடல்களைத் தொகுத்திருக்கின்றன. நல்ல பணி. அப்பாடல்களைப் பாடிய பெண்களிடமே கறிச்சாமான் அளவையும் கேட்டிருக்கலாம். எண்பது வயதைக் கடந்தோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். ஒரு மாணவன் தன் பாட்டியிடம் போய், மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, வெந்தயத்தை எப்போது இறக்குவது, ஜப்பான்காரன் காலத்தில் எதை வைத்துச் சமாளித்தீர்கள் என்று நான்கு கேள்வி கேட்டு எழுதி வந்தால், அதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஊர்ப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் குறித்து வர வேண்டும். அது இல்லாவிட்டால் பாதிதான்.

பட்டணத்துச் சந்தைகளில் அரைத்த மசாலை விற்கும் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. எங்கள் ஊர்ச் சந்தையில் ஒன்று இருக்கிறது. மிளகாய் விழுது, மல்லி விழுது, மஞ்சள், வெங்காயம், இஞ்சி பூண்டு எனத் தனித்தனிச் சட்டிகள். வருகிறவர் யாராயினும் கடைக்கார அம்மாள் அவரவர் மொழியில் இரண்டே கேள்வி கேட்பார்: மீனா, இறைச்சியா? எத்தனை பேருக்கு? விடைக்கேற்ப ஒவ்வொரு சட்டியிலும் கரண்டியை விட்டெடுத்து ஒரே பையில் கட்டித் தருவார். சென்ற வாரம் எனக்கு முன்னால் நின்ற சீன மூதாட்டி ஹொக்கியனில் ஏதோ சொன்னார். அம்மாள் சிரித்துவிட்டு, கட்டிய பையை மீண்டும் அவிழ்த்து, மல்லிச் சட்டியிலிருந்து இன்னும் அரைக் கரண்டி இட்டார்.